குறி வரைந்தவர் தமிழர். நெறி வகுத்தவர் யார்?

நாள்தோறும் தமிழர் கைக்கு வந்து தமிழர் கையைவிட்டு நீங்கும் காசிலும் தாளிலும் ஒரு குறி பதிந்து கிடக்கின்றது. மளிகைக்கடை விலைச்சீட்டில் அக்குறி. வங்கிக் கணக்கேட்டில் அக்குறி. கைப்பேசியிற் பணஞ்செலுத்தும் திரையிலும் அக்குறி. மேலே ஒரு நெடுங்கோடு, அதன்கீழ் இன்னொரு கோடு, இரண்டையும் பற்றித் தொங்கும் ஒரு வளைவு, அவ்வளைவினின்று சாய்ந்திறங்கும் ஒரு கால். இவ்வளவே அதன் வடிவம். 2010ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் இந்திய நடுவணமைச்சரவை அதனை உருபாவின் குறியாக ஏற்றது. மறு ஆண்டு காசுகளிலும், அதன்பின் தாள்களிலும் அஃது ஏறியது. இன்று பள்ளிச் சிறாரும் இரண்டு மூன்று இழுப்பில் அதனை எழுதிவிடுகின்றனர். எழுதுவோர் கோடிக்கணக்கினர், அஃது எவ்வெழுத்தின் வயிற்றிற் பிறந்தது, ஏன் அவ்வெழுத்திற் பிறந்தது என வினவியவர் மிகச்சிலர்.

அதனை வரைந்தவர் தமிழர். கள்ளக்குறிச்சியிற் பிறந்த த. உதயகுமார் என்பார், தி.மு.க.வின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஒருவரின் மகன். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திற் கட்டடக்கலையும், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வடிவமைப்புக் கலையும் பயின்றவர். அங்கே அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் தமிழ் அச்செழுத்து. 'பராசக்தி' என்னும் பெயரில் ஒரு தமிழ் எழுத்துருவையும் வடித்தவர். தமிழெழுத்தின் சுழியையும் வளைவையும் கொம்பையும் காலையும் இத்துணை நுணுகிக் கற்ற கை, உருபாவுக்குக் குறி வரைய நேர்ந்தபோது, நாகரியின் 'ர' எழுத்தையும் உரோம எழுத்தின் 'ஆர்' என்பதையும் பிணைத்து வரைந்தது. இஃது ஏன்? வரைந்தவருக்குத் தமிழ்ப்பற்றில்லை என்று சொல்லிவிட்டு ஓய்ந்திருத்தல் எளிது. எளிய விடைதான், ஆயினும் தவறான விடை. உண்மை விடையைக் காணவேண்டின், குறி வரையும் தொழில் எங்ஙனம் நடைபெறுகின்றது என்பதை முதற்கண் அறிந்துகொள்ளல் வேண்டும்.

'லோகோ' என்று இன்று ஊரெல்லாம் வழங்கும் சொல், கிரேக்கத்தில் 'சொல்' எனப் பொருள்படும் 'லோகோசு' என்பதன் வழியது. பெயர்ச்சொல் ஒன்றை ஒரே அச்சுக்கட்டையாக வார்த்து வைத்ததற்கு அச்சுத்தொழிலார் இட்ட பெயர், பின்னர்ச் சுருங்கி இவ்வாறாயிற்று. ஆகவே குறி என்பது தொடக்கத்தில் படமன்று, எழுத்தே. எந்த மொழியின் எழுத்து என்னும் வினா அதன் பிறப்பிலேயே உடன்பிறந்தது.

எந்நிறுவனத்திலும் சம்பளத்துக்கு அமராமல், கேட்பவர்க்கு வரைந்து கொடுத்துக் கூலி பெறும் தனிவரைஞர் சென்னையிலும் கோவையிலும் சிற்றூர்களிலும் இன்று பலர் உளர். நல்ல வரைஞர் கேட்பவர் வந்தவுடன் தூவலை எடுப்பதில்லை, வினவத் தொடங்குகின்றார். பண்டம் யாது? வாங்குவோர் யாவர்? குறி எங்கெங்கே அமரும், துணியிலா, தாளிலா, இரும்புப் பலகையிலா, விரல்நக அளவு திரையிலா? எத்தனை வண்ணத்தில் அச்சிடப் பொருள்வளம் உண்டு? இதே பண்டத்தை விற்கும் பிறர் குறிகள் எப்படியுள்ளன? இவ்வினாக்களுக்கெல்லாம் விடை பெற்றபின்னரே கரிக்கோலால் பல வரைவுகளைத் தீட்டுகின்றார். அவற்றுள் இரண்டோ மூன்றோ தேறும். தேறியவற்றையும் முதலிற் கருமையில் மட்டுமே வரைந்து பார்ப்பர். வண்ணத்தை நம்பி நிற்கும் குறி, ஒற்றை மையில் அச்சிடும்போது விழுந்துவிடும். நக அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பர். பலகை அளவுக்குப் பெருக்கிப் பார்ப்பர். பின்னர்க் கட்டங்களிட்டு, கோட்டின் பருமனையும் இடைவெளியையும் அளந்து ஒழுங்கு செய்வர். இறுதியில் எந்த வண்ணம், சுற்றிலும் எவ்வளவு வெற்றிடம், எவ்வளவுக்குக் கீழே சிறுத்தல் ஆகாது என்னும் குறிப்புகளோடு கேட்டவரிடம் ஒப்படைப்பர்.

இத்தனை படிகளில் எழுத்து எப்படியில் முடிவாகின்றது? வரைதலில் அன்று, வினவுதலில். கேட்பவர் வாயிலிருந்து வரும் முதற்சொல்லில். கேட்பவர் ஒரு தாளில் வகுத்துத் தரும் நெறிகளே வரைஞரின் கைக்கு வேலி. வேலிக்குள் எவ்வளவு அழகாகப் பயிரிட்டாலும், வேலி போட்ட நிலம் யாருடையது என்பது முன்னமே முடிந்துபோன செய்தி.

உருபாவின் வேலியைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்திய நிதியமைச்சகம் குறி கேட்டு ஒரு போட்டி அறிவித்தது. ஒவ்வொருவரும் 500 உருபா கட்டணங் கட்டவேண்டும். இரண்டு வரைவுக்கு மேல் விடுத்தலாகாது. வெல்பவர்க்கு 2,50,000 உருபா பரிசு. குறி நாட்டின் வரலாற்றையும் பண்பாட்டையும், நாடு முழுதும் ஏற்றுக்கொண்ட வகையில், காட்ட வேண்டும். தட்டச்சுப் பலகையில் அமையவேண்டும். இந்தியத் 'தேசிய மொழி'யின் எழுத்தில் இருக்கவேண்டும், அன்றேற் காட்சியுருவாக இருக்கவேண்டும். இவைதாம் நெறிகள்.

'தேசிய மொழி' என்னும் இச்சொல்லைத் தமிழர் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். இந்திய அரசமைப்புச் சட்டத்தில் 'தேசிய மொழி' என்று ஒரு மொழியும் குறிக்கப்படவில்லை. 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி என்கின்றது. எட்டாம் அட்டவணை 22 மொழிகளைப் பெயர்சொல்லி அடுக்குகின்றது. இல்லாத ஒன்றின் பெயரால் எழுத்துக் கேட்டால், பங்கேற்பவர் என்ன எண்ணுவர்? அவ்வட்டவணையில் உள்ள எம்மொழியும் ஆகலாம் என்று ஏட்டளவில் வாதிடலாம். ஆயின் தில்லியில் இருந்து 'தேசிய மொழி' என்னும் சொல் புறப்பட்டால், அஃது எவ்வெழுத்தைக் குறிக்கும் என்பது வரைஞர்க்கும் தெரியும், தேர்வாளர்க்கும் தெரியும். நாடு முழுதும் ஏற்ற பண்பாடு என்னும் தொடரும் அவ்வகையினதே. யார் ஏற்றது, எப்போது ஏற்றது என்று எந்தக் குடிமகனையும் யாரும் கேட்டதில்லை.

வந்த வரைவுகள் 3,331. இந்தியச் சேமவங்கியின் துணை ஆளுநர் ஒருவர் தலைமையில் அமைந்த குழு அவற்றை ஆய்ந்து ஐந்தைப் பொறுக்கியது. அமைச்சரவை ஒன்றை ஏற்றது. தேர்ந்த முறை பற்றித் தில்லி உயர்நயன்மன்றம் வரை வழக்கும் சென்றது. இங்கே ஒன்று சொல்லிவைத்தல் தகும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வரைவுகளைத் தீட்டிய கைகளுள் இறுதிச்சுற்றை எட்டிய ஐவர் நீங்கலாக ஏனையோர்க்குக் கிட்டியது யாது? கட்டணமும் கட்டி, உழைப்பும் கொடுத்து, வெறுங்கையோடு திரும்பியதே. கொத்தனார் பத்துப்பேரை அழைத்துப் பத்து வீடு கட்டச்சொல்லி, பிடித்த ஒரு வீட்டுக்கு மட்டும் கூலி கொடுப்பவனை ஊர் என்னவென்று சொல்லும்? அரசே இவ்வழியைக் காட்டியபின், கடைக்காரரும் ஆலைக்காரரும் 'வரைந்து காட்டுங்கள், பிடித்தாற் பணம்' என்று தனிவரைஞரை அலைக்கழிப்பதில் வியப்பென்ன?

இனிக் குறியின் வடிவத்துக்கு வருவோம். அதன் நன்மையை மறைத்தல் நேர்மையன்று. டாலர், பவுண்டு, யென், யூரோ முதலிய பிற நாட்டுப் பணக்குறிகளிலெல்லாம் குறுக்கே ஒரு கோடோ இரு கோடோ ஓடுவதை நோக்கி, அவ்வினத்தோடு இதனையும் சேர்த்தமை அறிவுடைய செயல். எண்களோடு ஒத்த உயரத்தில் நிற்கின்றது. கையால் விரைந்து எழுத வருகின்றது. வேறெந்தக் குறியோடும் மயங்குவதில்லை. தொழில் வகையில் அது தேர்ந்த கையின் ஆக்கமே. மேலிரு கோடுகளும் அவற்றிடைப்பட்ட வெற்றிடமும் மூவண்ணக் கொடியைக் காட்டும் என்றும், நிகர்மைக் குறியை நினைவூட்டும் என்றும் வரைந்தவர் விளக்கினார்.

அம்மேற்கோட்டிற்கு இன்னொரு விளக்கமும் அவர் தந்தார். நாகரியில் எழுத்துகளின் தலைமேல் ஓடும் 'சிரோரேகை' அது என்றார். தமிழிற் சொன்னால் தலைக்கோடு. இத்தலைக்கோடு நாகரிக்கு உண்டு. வங்காள எழுத்துக்கு உண்டு. பஞ்சாபியரின் குருமுகிக்கு உண்டு. தமிழுக்கு இல்லை. தெலுங்குக்கு இல்லை, கன்னடத்துக்கு இல்லை, மலையாளத்துக்கு இல்லை. ஒடியாவின் தலை வளைந்தது, கோடன்று. நாகரிக்கு உடன்பிறப்பாகிய குசராத்தி எழுத்தே தலைக்கோட்டைக் களைந்துவிட்டு நிற்கின்றது. உருது எழுத்துக்கோ இதனோடு உறவே இல்லை. ஓலையில் எழுத்தாணியால் நெடுங்கோடு இழுத்தால் ஓலை கீறிப்போம் என்பதனாலேயே தென்னாட்டெழுத்துகள் வளைந்து உருண்டன என்பர். அவ்வாறு கீறிப்போகாமல் காக்கப்பட்ட ஓலைகளிலன்றோ தமிழின் பழநூல்களெல்லாம் நமக்கு வந்து சேர்ந்தன! இத்தனை எழுத்துகளுக்கும் அயலான ஒரு கோட்டை 'நாடு முழுதும் ஏற்ற பண்பாடு' என்று தலைமேல் ஏற்றி வைத்ததே இக்குறியின் குறை. அக்குறை கையின் குறையன்று. கேட்ட வாயின் குறை.

இதே காலத்துக்குச் சற்றுமுன் ஐரோப்பியர் தம் பொதுப்பணத்திற்குக் குறி கண்ட முறையை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். 1996 திசம்பரில் ஐரோப்பிய ஆணையம் யூரோவின் குறியை வெளியிட்டது. பத்து வரைவுகளைப் பொதுமக்கள் முன்வைத்துக் கருத்துக் கேட்டு, எஞ்சிய இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்தனர். அக்குறி கிரேக்கத்தின் 'எப்சிலோன்' எழுத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஐரோப்பிய நாகரிகத்தின் தொட்டில் கிரேக்கம் என்பதே அதற்கு அவர்கள் கூறிய கரணியம். ஐரோப்பா என்னும் பெயரின் முதலெழுத்தும் அதனோடு ஒத்தது. அன்று அவ்வொன்றியத்தில் நாடுகள் பதினைந்து. மக்கள் முப்பத்தேழு கோடிக்குச் சற்றேறக்குறைய. கிரேக்கரோ ஏறத்தாழ ஒரு கோடியினர். தலையெண்ணிப் பார்த்திருந்தால் செருமானியர் எழுத்தன்றோ ஏறியிருக்கவேண்டும்? அதனினும் வியப்பு ஒன்றுண்டு. 1999இல் யூரோ நடைமுறைக்கு வந்தபோது அதில் சேர்ந்த பதினொரு நாடுகளுள் கிரேக்கம் இல்லை. 2001இல்தான் அது சேர்ந்தது. அப்பணத்தையே இன்னும் கைக்கொள்ளாத சிறிய நாட்டின் எழுத்தை, பழமை கருதிப் பெரிய நாடுகள் தம் பணத்தின் முகத்தில் வைத்தன. பழமைக்கு மதிப்பளிப்பதே நெறியெனின், மாங்குளத்துப் பாறையிலும், 'பெருவழுதி' எனப் பெயர் பொறித்த பாண்டியன் காசிலும் தன் எழுத்தை விட்டுச் சென்ற இனத்தைத் தில்லி கேட்டிருக்க வேண்டாவா?

காசு என்றவுடன் இதனையும் நினைவிற் கொள்க. இந்தியத் தாள்களின் பின்புறத்து மொழிப்பட்டியலில் பதினைந்து மொழிகள் சிற்றெழுத்தில் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் தமிழ் பதின்மூன்றாவது. 2016இல் வெளிவந்த புதுத்தாள்களில் நாகரி எண்களும் ஏறின. ஒன்றியத்தின் அலுவல் எண்கள் அனைத்துலக வடிவினவாதல் வேண்டும் என்று அதே 343ஆம் பிரிவு சொல்லியிருந்தும் அவை ஏறின. தலைக்கோட்டுக்குப் பின் எண் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வருவதை விபத்து என்று எண்ணிக்கொண்டிருப்பவர் எண்ணிக்கொண்டிருக்கலாம்.

இதற்கிடையில், எவரும் போட்டி வைக்காமல், எவரும் பரிசு பெறாமல், தமிழர்க்கு உருபாக்குறி ஒன்று முன்னமே இருந்தது என்பதைத் தமிழர் பலரே அறியார். அது ௹ என்பது. கடைக் கணக்கரும் ஊர்க் கணக்கரும் வட்டித்தொழிலாரும் தம் ஏடுகளில் எழுதியெழுதித் தேய்த்து வடித்த குறி அது. 'ரூ' என்னும் எழுத்தே விரைவெழுத்திற் சுழித்து முடங்கிய வடிவம் என்பது பார்த்த அளவில் விளங்கும். அதற்கு உடன்பிறப்புகளும் உண்டு: நாளுக்கு ௳, திங்களுக்கு ௴, ஆண்டுக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. பழைய ஆவணங்களைப் புரட்டியவர் இவற்றை அறிவர். ஒரு வரைஞர் கட்டங்கட்டி அளந்து செய்யும் வேலையை, ஆயிரம் கணக்கர் நூற்றாண்டுக் கணக்கில், எழுதும் விரைவையே அளவுகோலாகக் கொண்டு செய்து முடித்திருந்தனர். வங்காளத்திற்கும் குசராத்திற்கும் இவ்வாறே தத்தம் குறிகள் உள்ளன. ஒருங்குகுறியின் நான்காம் பதிப்பில், 2003ஆம் ஆண்டிலேயே, ௹ என்பதற்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. தில்லிக் குறிக்கு இடம் கிடைத்தது 2010 அக்குதோபரில்தான். கணினியில் ஏழாண்டு மூத்தது தமிழ்க்குறி. மூத்ததைத் தட்டுவாரில்லை, இளையதைத் தட்டாதாரில்லை.

இங்கு இலக்கணம் ஒன்று குறுக்கிடுகின்றது, அதனையும் மறைத்தற்கில்லை. ரகரம் தமிழிற் சொல்லுக்கு முதலாகாது என்பது தொல்காப்பியம் கண்ட மொழிமரபு. 'ரூபாய்' என எழுதுவதே மரபு வழு. தனித்தமிழ் ஏடுகள் 'உருபா' என எழுதி வருவது அதனாலேயே. அங்ஙனமாயின் 'ரூ'விற் பிறந்த ௹ தூய தமிழ்க்குறியாகுமா என்று ஒருவர் வினவலாம். வினா சரியானதே. ஆயினும் எழுத்துவடிவம் தமிழர் கையில் விளைந்தது. தமிழ்க் கணக்கேட்டில் வளர்ந்தது. சொல்லை 'உருபா' எனத் திருத்திக்கொண்டு, குறியை ௹ எனப் போற்றிக்கொள்வதில் முரணில்லை. மேலும் ஒரு தூயவர் குழு அமர்ந்து உகரத்தில் தொடங்கும் புதுக்குறி ஒன்றை வடிக்கும் வரை, கையிலிருக்கும் முதுசொத்தை எறிந்துவிட்டிருக்க வேண்டியதில்லை.

2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இச்செய்தி திடுமென நாடறிந்ததாயிற்று. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு 14ஆம் நாள் தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தை முன்வைக்கவிருந்தார். அதற்கு முதல்நாள், முதலமைச்சராக இருந்த மு.க. இசுடாலின் அத்திட்டத்தின் பொறியை வெளியிட்டார். முந்தைய ஆண்டுப் பொறியில் தில்லிக் குறி இருந்த இடத்தில் இவ்வாண்டு 'ரூ' என்னும் தமிழெழுத்து அமர்ந்திருந்தது. மும்மொழித் திட்டத்தை ஏற்காமையால் பள்ளிக்கல்விக்குரிய இரண்டாயிரம் கோடிக்கு மேற்பட்ட தொகையை நடுவணரசு நிறுத்திவைத்திருந்த காலம் அது. ஓரெழுத்து மாறியதற்கே வடபுலத்துச் செய்தித் தொலைக்காட்சிகள் பெருங்கூச்சலிட்டன. தமிழெழுத்தைத் தமிழரசு எழுதியதைப் பிரிவினைக்கு வித்து என்ற அளவுக்குப் பேசினர். ஓர் எழுத்துக்கு இத்துணை அச்சமெனின், எழுத்தில் ஒன்றுமில்லை என்று நமக்கு அறிவுரை சொல்வோர் அவர்களிடம் போய்ச் சொல்லட்டும்.

ஆயினும் இந்திய நிதியமைச்சர் நிருமலா சீதாராமன் அன்று எழுப்பிய வினா ஒன்று, அவர் எந்நோக்கத்திற் கேட்டிருந்தாலும், விடைக்குரியதே. 2010இல் இக்குறியை ஏற்றபோது தி.மு.க. நடுவணாட்சியிற் பங்கேற்றிருந்ததே, அன்று ஏன் எதிர்க்கவில்லை என்றார். 2010 சூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அது முடிந்த பதினெட்டாம் நாள் தலைக்கோட்டுக் குறி அமைச்சரவையில் ஏற்கப்பட்டது. செம்மொழி என்று ஊர்வலம் சென்ற கால்களின் களைப்பு ஆறுமுன்னரே, அம்மொழியின் எழுத்துக்கு இடமில்லாத ஒரு குறி நாட்டுப் பணத்தில் ஏறியது. வரைந்தவர் தமிழர் என்னும் பெருமிதம் அன்று வாயை அடைத்துவிட்டது. பெருமிதம் பொய்யன்று. ஆயின் வரைந்தவரைப் பாராட்டிய அதே மூச்சில் நெறி வகுத்தவரை வினவியிருக்கலாம், வினவவில்லை. 2025இல் 'ரூ' எழுதியதும் ஒரு திட்ட ஏட்டின் முகப்பளவிலேயே நின்றது. அரசுப் பற்றுச்சீட்டிலும் கருவூலப் படிவத்திலும் ௹ எழுதலாம் என ஓர் ஆணை பிறந்திருப்பின், அதன் பெறுமானம் வேறு.

தில்லியை மட்டும் நொந்துகொள்வதில் ஒரு சோம்பலும் ஒளிந்துள்ளது. தில்லிக் குறியில் நெறி வகுத்தவர் அவர். நம் கடையிலும் தறியிலும் நெறி வகுப்பவர் நாமேயன்றோ?

தமிழகத்தின் வடவெல்லையில் திருவள்ளூர் மாவட்டத்து ஆர்.கே.பேட்டையை எடுத்துக்கொள்க. ஊர்ப்பெயரிலேயே இரண்டு உரோம எழுத்தொலிகள் முன்னே நிற்க, பேட்டை பின்னே வருகின்றது. ஓர் ஆள்பெயரின் முதலெழுத்துகள், அஞ்சலகப் பொறி முதல் பேருந்துப் பலகை வரை ஊரின் பெயராகவே இறுகிவிட்டன. திருத்தணி வட்டாரம் நெடும்போராட்டத்தின்பின், 1960 ஏப்பிரல் முதல்நாள் ஆந்திரத்தினின்று தமிழ்நிலத்தோடு சேர்ந்தது. அவ்வட்டாரத்து நெசவூர்களுள் ஒன்று இது. இங்கும் அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்ப்பேட்டையிலும் விசைத்தறிகளின் ஒலி ஓய்வதில்லை. லுங்கி என வழங்கும் கைலி நெய்யும் கைகளில் தமிழ் பேசுவனவும் உண்டு, தெலுங்கு பேசுவனவும் உண்டு. இரு மொழிக்கும் தலைக்கோடு கிடையாது.

இம்மண்ணுக்குக் குறி புதிதன்று. இதே மாவட்டத்துத் திருவாலங்காட்டில் 1905இல் இராசேந்திர சோழனின் 31 செப்பேடுகள் கிடைத்தன. அவற்றைக் கோத்த வளையத்தின் பொறியில் அமர்ந்த புலி, அதனருகே இரு கயல், கீழே வில், மேலே குடையும் இருபுறத்துக் கவரியும். சோழன் தன் புலியோடு பாண்டியன் கயலையும் சேரன் வில்லையும் ஒரே வட்டத்துள் அடக்கி, தமிழகம் மூன்றும் தன்கீழ் என்பதை ஒரு சொல்லும் இல்லாமற் சொல்லிவிட்டான். எண்ணெழுத்தறியாத உழவனும் படித்துக்கொள்ளும் பொறி. இன்றைய வரைஞர் எவரும் அதற்குமுன் கைகட்டி நின்று கற்கலாம். ஆனால் அவ்வட்டத்தின் விளிம்பைச் சுற்றிப் பொறித்திருப்பதோ கிரந்த எழுத்தில் வடமொழிப் பாட்டு! படம் தமிழ், சொல் வடமொழி. ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே நெறி வகுத்த இடத்தில் நேர்ந்த வழுவல் அது.

இன்று கைலியின் மடிப்பில் ஒட்டும் சீட்டிலும் அதே கதை, மொழி மட்டும் மாற்றம். நெய்தவர் இவ்வூரார்; உடுப்பவர் பெரும்பாலும் தமிழர்; சீட்டிலுள்ள பெயரோ பெரும்பாலும் உரோம எழுத்தில். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைவாயில்களில் நிற்கும் குறிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டா. ஆலையுரிமையாளர் அயலார் எனலாம், தறியுரிமையாளர் அயலாரல்லரே. 'ஆங்கிலத்திற் போட்டால்தான் தரமான சரக்கு என்று எடுப்பார்கள்' என்பது வழக்கமான விடை. சப்பானியர் தம் எழுத்தைக் குறியாகக் கொண்ட பண்டங்களை நம் கடைகளிலேயே விலைகொடுத்து வாங்குகின்றோம். எழுத்துப் புரியாததனால் எவரும் தரத்தை ஐயுறவில்லை.

சட்டம் தடுக்கின்றது என்பாரும் உளர். தடுக்கவில்லை; ஆனால் சாய்ந்து நிற்கின்றது. பொதிந்து விற்கும் பண்டத்தின் மேல் அளவு, விலை முதலிய கட்டாயக் குறிப்புகள் நாகரி எழுத்து இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு விதி. வேறு மொழியையும் கூடுதலாக எழுதலாம் என்று அவ்விதியே இசைகின்றது. வணிகக்குறிப் பதிவிலும் இவ்வாறே. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, குறியில் இந்தி, ஆங்கிலம் அல்லாத எழுத்து இருப்பின், அதன் ஒலிபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ தந்து, அச்சொல் எம்மொழியினது என்றும் கூறவேண்டும். தமிழ்நிலத்தில் தமிழன் பெயர் வைக்க, அப்பெயரை இந்தியிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்துக் காட்டவேண்டியிருக்கின்றது! இக்கொடுமையை எதிர்த்து எழுதவேண்டியது ஒருபுறம். எனினும் அஃது இரண்டு வரி எழுதும் வேலையே. 'தமிழில் வைத்தாற் பதிவு கிடைக்காது' என்று சொல்லித் தறிக்காரரை ஆங்கிலத்துக்குத் திருப்பும் இடைத்தரகர் சொல் பொய்.

ஆகவே தறியுரிமையாளரோ கூட்டுறவுக் கழகமோ வரைஞரிடம் செல்லுமுன், பெயரைத் தமிழில் முடிவு செய்துகொண்டு, தமிழெழுத்திலேயே ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லவேண்டும். உரோம எழுத்தில் வரைந்துவிட்டுப் பின்னர்த் தமிழுக்கு மாற்றிக் கேட்டால், ஆங்கிலச் சட்டையைத் தமிழெழுத்துக்கு மாட்டிய கோணலே கிட்டும். 'ழ'வின் சுழியும் 'ண'வின் அடுக்குவளைவும் நெசவின் ஊடும் பாவும் போல் ஓடக்கூடியவை. அவற்றிலிருந்து தொடங்கும் வரைஞர்க்குப் படம் தேடி அலையவேண்டியதில்லை. வரைவு எத்தனை, திருத்தம் எத்தனை முறை, கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, முடிந்த குறியின் உரிமை யாருக்கு என்பவற்றையும் முதலிலேயே எழுத்தில் முடித்துக்கொள்க. வரைஞரும் தமிழ்த்தொழிலாளரே, பிடித்தாற் பணம் என்று அவரை அலைக்கழிப்பது தில்லி செய்ததையே சிறிய அளவில் செய்வதாகும்.

பதிவுக்குத் தனியாளும் சிறுதொழிலாரும் இணையவழிச் செலுத்தும் கட்டணம் வகை ஒன்றுக்கு 4,500 உருபா. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். நெய்த துணி 24ஆம் வகை, உடை 25ஆம் வகை. கைலியை எவ்வகையில் விற்கின்றோம் என்பதைப் பார்த்து எழுதுக, இரண்டிலும் எழுதினால் கட்டணமும் இரண்டு. சென்னையிலேயே பதிவலுவலகம் உண்டு. கட்டணங் கட்டுமுன் ஒத்த குறி வேறெவரிடமேனும் உள்ளதா எனத் தேடவேண்டும். தேடும்போது தமிழ்ப்பெயரை உரோம எழுத்தில் எத்தனை வகையாக எழுதக்கூடுமோ அத்தனை வகையாகவும் தேடிப்பார்க்க.